ரோலண்ட் போட்ட ரூட்

மகள் ப்ரிட்டாவைச் சிகாகோவுக்குப் படிக்க அனுப்புவதில்லை என்று ரோலண்ட் ஹால்வர்சன் ஒரு திங்கட்கிழமை காலையில் பல் தேய்த்துக்கொண்டே முடிவு செய்தார். யார் வந்து சொன்னாலும் மாறாத முடிவு. கண்ணாடிக்குள் இருந்த ரோலண்டும் வாய் நிறைய நுரையோடு தலையாட்டினார்.

அந்த வீட்டில் அவருடைய முடிவுகளுக்குக் கிடைத்துவந்த ஒரே ஆதரவு இந்தக் கண்ணாடிக்காரருடையதுதான். பூனை கூடாது என்று ஒரு முறை சொன்னார். இப்போது இரண்டு இருக்கின்றன. சமையலறைக்கு மஞ்சள் பெயிண்ட் கூடாது என்றார். அவரேதான் ஏணியில் ஏறி இரண்டு தடவை அடித்தார். ஆகவே இந்த முறை ‘கூடாது’ என்ற வார்த்தையை எடுப்பதே இல்லை என்று வைத்துக்கொண்டார். பெண் தானாகவே, ‘வேண்டாம்ப்பா அந்த ஊர்’ என்று சொல்ல வேண்டும். சொல்ல வைக்க வேண்டும். அதற்கு மூளை வேண்டும். அது தன்னிடம் நிறையவே இருப்பதாக ரோலண்ட் நம்பினார்.

நம்பியதற்குக் காரணம் உண்டு. மிசிசிப்பிக் கரையில் இருக்கும் ஓக் பெண்ட் ஊரில், மாவட்டத்துப் பள்ளிப் பேருந்துகள் நாற்பத்தொன்றுக்கும் ரூட் போடுகிறவர் அவர். எந்தத் திருப்பத்தில் எத்தனை வினாடி, எந்தப் பண்ணை வாசலில் நாய் குறுக்கே வரும், பனி கொட்டினால் எந்தப் பாலத்தை விட வேண்டும், எல்லாம் விரல் நுனியில். புது ரூட் போட்டால் சனிக்கிழமை காலையில் காலி பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய் ஓட்டிப் பார்ப்பார். அப்போது டிரைவர் சீட்டுக்குப் பின்னால் முதல் சீட்டில், கையில் ஸ்டாப் வாட்ச்சோடு, ஆறு வயதிலிருந்து உட்கார்ந்து வருகிறவள் ப்ரிட்டா. “அப்பா, இந்த ஸ்டாப்புல நாலு செகண்ட் லேட்டு” என்பாள். முன்பு கால் தரையில் எட்டாது. இப்போது காலை நீட்டினால் அவர் முதுகில் இடிக்கிறது. பன்னிரண்டு வருஷச் சனிக்கிழமைகள்.

இனி அந்த சீட்டில் யார்? இதுதான் விஷயம். வெளியில் கேட்டால் சிகாகோவில் காற்று அதிகம், கூட்டம் அதிகம் என்று ஆயிரம் சொல்வார். உள்ளே இருந்தது அந்த ஒரு காலி சீட்டுதான்.

அன்று இரவுச் சாப்பாட்டில் ரோலண்ட் தொண்டையைக் கனைத்தார்.

“மே ஒண்ணாந்தேதிக்குள்ள எந்தக் காலேஜுன்னு பதில் போடணும் இல்லையா? சும்மா கடுதாசியப் பாத்து முடிவு பண்ணா எப்படி? மார்ச் லீவுல மூணு நாள் சிகாகோ போவோம். காலேஜையும் பாத்த மாதிரி, ஊரையும் சுத்தின மாதிரி. ப்ளான் நான் போடறேன்.”

அவர் மனைவி ஹைடி உருளைக்கிழங்கைக் குத்திய முள்கரண்டியோடு நிமிர்ந்து பார்த்தாள்.

“யாரு, நீயா? ஒம்பது வருஷமா இந்த மாவட்டத்தோட எல்லைப் பலகையத் தாண்டாத ஆளு?”

“மகளோட எதிர்காலம் ஹைடி. எனக்கு மட்டும் அக்கறை இருக்காதா?”

“இருக்கும் இருக்கும். அப்ப குறிச்சுக்கோ. மொத்தம் மூணு காலேஜ்.”

“மூணா? ரெண்டுன்னுல்ல நெனச்சேன்?”

“மூணாவது கடைசியா சேந்தது. ஆத்தோரத்துல, பழைய கட்டடம். சனிக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. மத்தத எப்படி வேணா மாத்து, அதுல மட்டும் கை வைக்காத.”

ப்ரிட்டா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பாவம், குழந்தைக்குப் பயம் என்று ரோலண்ட் நினைத்துக்கொண்டார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள் என்பது அவருக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

மறுநாளே ப்ளான் தயார். பிரிட்ஜ் கதவில் நான்கு வண்ணத்தில் ஒட்டினார். பச்சை, கல்லூரி. நீலம், ஊர் சுற்றல். மஞ்சள், சாப்பாடு. சிவப்பு, கழிப்பறை. பார்க்கிறவர்களுக்கு அது ஒரு தகப்பனின் பாசம். உண்மையில் அதன் ஒவ்வொரு வரியிலும் ஒரு கண்ணிவெடி இருந்தது. ஏரிக் காற்று உச்சத்தில் இருக்கும் நேரத்தில் ஏரிக்கரையில் நடை. மழை வரும் என்று வானிலைக்காரர்கள் சத்தியம் செய்த மாலையில் கூரையில்லாத படகு. ஒன்றரை மணி நேரம் வரிசையில் நிற்க வைக்கும் பீட்சாக் கடை.

தங்கும் இடத்தில்தான் அவருடைய திறமை முழுதாக வெளிப்பட்டது. நல்ல ஓட்டல்களை ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு, ஹலீனா என்ற போலந்துக்கார அம்மாளின் வீட்டைப் பிடித்தார். கல்லூரிப் பெண்களுக்கு அறை விடும் மூன்று மாடி வீடு. லீவில் பெண்கள் ஊருக்குப் போயிருக்கும்போது மட்டும் வெளியூர்க் குடும்பங்களுக்குக் கொடுப்பாள். ரோலண்ட் பஸ் டிப்போவிலிருந்து ரகசியமாகப் போன் செய்தார்.

“லிஃப்ட் இருக்காம்மா?”

“கெடையாது. மூணாவது மாடி. அம்பத்தெட்டுப் படி.”

“நல்லது. ரயில் பாதை பக்கத்துலயா?”

“ஜன்னலுக்கு வெளியதான். டிரைவர் தும்மினா நாம ‘நல்லாரு’ன்னு சொல்லலாம்.”

“ரொம்ப நல்லது. பொண்ணுங்களுக்கு ஏதாவது கட்டுப்பாடு?”

“சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வீட்டுக்குள்ள ஒரு ஆம்பள இருக்கக் கூடாது. அப்பன், அண்ணன், பாதிரியார், யாரா இருந்தாலும் சரி. உங்கள மாதிரி லீவுக்கு வர்ற குடும்பத்துக்கு மட்டும்தான் விலக்கு.”

ரோலண்டுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சிகாகோவில் பெண்கள் இப்படித்தான் அடைபட்டு வாழ வேண்டும் என்று மகளுக்குக் காட்டலாம்.

“அம்மா, உங்கள மாதிரி ஆளு இந்தக் காலத்துல எங்க இருக்காங்க! இப்படியே கண்டிப்பா இருங்க. யார் வந்து கெஞ்சினாலும் விட்டுக் குடுத்துடாதீங்க.”

“மாட்டேன் தம்பி” என்றாள் ஹலீனா. அவளுக்கும் அவரைப் பிடித்துப்போயிற்று.

வியாழக்கிழமை காலை கிளம்பினார்கள். மூன்று மணி பத்து நிமிடப் பயணம். ப்ரிட்டா பழக்கதோஷத்தில் ஸ்டாப் வாட்ச்சை எடுத்து வந்திருந்தாள். அதைப் பார்த்ததும் ரோலண்டுக்கு நெஞ்சு இளகி, போட்ட திட்டத்தையெல்லாம் கைவிட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. அடுத்த நிமிடமே, ஸ்டாப் வாட்ச் பிடித்த இந்தக் கை தனக்கு அப்புறம் கிடைக்காது என்ற எண்ணம் வந்து, ஆக்ஸிலரேட்டரை மிதித்தார்.

முதல் கல்லூரியில் நுழைவாயில் மேசையில் பெயர் கேட்டு ஸ்டிக்கர் கொடுத்தார்கள். மாணவருக்குப் பச்சை, கூட வந்தவருக்கு வெள்ளை. சட்டையில் வெள்ளையை ஒட்டிக்கொண்டு ரோலண்ட் முன்வரிசைக்குப் போனார். சுற்றிக் காட்டிய பெண், இந்த ஊர் வழக்கப்படி, கூட்டத்தைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்தாள். நூலகம், ஆய்வகம், உணவுக்கூடம் என்று கையை வீசிக்கொண்டே போனாள். யாருக்காவது சந்தேகம் உண்டா என்று அவள் வாயெடுப்பதற்குள் ரோலண்டின் கை மேலே போனது.

“எலி எத்தன இருக்கும்?”

பெண் ஒரு படியில் தடுக்கினாள். “எலியா சார்?”

“ஒரு மாடிக்கு. தோராயமா.”

ப்ரிட்டா கோட்டின் தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டாள். ரோலண்ட் அதைத் திருப்தியோடு பார்த்தார். அடுத்து வெந்நீர் எத்தனை நிமிடம் வரும், போன வருஷம் எத்தனை பேர் அழுதுகொண்டே ஊருக்குத் திரும்பினார்கள் என்று கேட்டார். கூட்டத்திலிருந்த இன்னொரு அப்பா இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டார்.

“அப்பா, ப்ளீஸ், நீ பேசாம வா” என்று பல்லைக் கடித்தாள் ப்ரிட்டா.

“உனக்காகத்தான்டா கண்ணு கேக்கறேன்.”

ஹைடி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “லைப்ரரி எத்தன மணி வரைக்கும்மா தெறந்திருக்கும்?” அவள் ஊர் நூலகத்தில் பதினேழு வருஷமாக முன்மேசையில் இருக்கிறவள். தொழில் பாசம் என்று ரோலண்ட் விட்டுவிட்டார்.

மதியம் தெருவோரக் கடையில் ஹாட்டாக். ரோலண்ட், வீட்டில் கேட்பதுபோல, கெட்சப் கேட்டார். கடைக்காரர் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“என்ன வயசு உங்களுக்கு?”

“நாப்பத்தாறு.”

“இந்த ஊருல பல்லு மொளைக்கற வயசோட கெட்சப் நிறுத்திடுவோம் சார். அடுத்து யாரு?”

வரிசையே சிரித்தது. ஊர்க்காரர்களின் திமிரை மகள் நேரிலேயே பார்த்துவிட்டாள் என்று மகிழ்ந்து திரும்பினால், ப்ரிட்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். இந்த ஊரைப் பார்த்து அவள் சிரிப்பது இதுதான் முதல் தடவை. ரோலண்ட் மிச்ச ஹாட்டாக்கைக் குப்பைத் தொட்டியில் போட்டார். வேகமாக ஏரிக்கரைக்கு நடத்திக்கொண்டு போனார். அங்கே காற்று அவர் பக்கம் இருந்தது. ப்ரிட்டாவின் மூக்கு சிவந்து, கண்ணில் நீர் வழிந்ததும்தான் அவருக்கு நிம்மதி.

அந்தி நேரத்தில் ஹலீனா வீட்டின் ஐம்பத்தெட்டுப் படிகளையும் ஏறினார்கள். பெட்டிகளைத் தூக்கியது ரோலண்ட் என்பதால் மூச்சு வாங்கியதும் அவருக்குத்தான். கதவைத் திறந்த நொடியில் ரயில் வந்தது. கண்ணாடிக் குவளைகள் அலமாரியில் ஆடின. கட்டில் ஒரு அங்குலம் நகர்ந்தது. ரோலண்ட் ஆவலோடு மகளின் முகத்தைப் பார்த்தார்.

“எப்படிடா இருக்கு?”

“சத்தமா இருக்குப்பா.”

“தெனம் இப்படித்தான் இருக்கும் போல. நாலு வருஷம்!” என்று வருத்தமாகத் தலையை ஆட்டினார்.

ஹைடி அவர் பேச்சைக் கேட்கவில்லை. அறை நடுவில் தலையை அண்ணாந்து, கூரையின் சுண்ணாம்புப் பூவேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சுவரை விரல் முட்டியால் தட்டி, காதை வைத்தாள்.

“அம்மா, இது பழைய சுண்ணாம்புதானே? மேல பூசவே இல்லையா?”

கதவருகில் நின்ற ஹலீனா அசந்துபோனாள். “நூத்திப் பத்து வருஷம். தட்டிப் பாத்துச் சொன்ன மொதல் ஆளு நீதான் கண்ணு. கீழ வா, மாடிப்படிக் கைப்பிடியோட மரம் காட்டறேன்.”

இரண்டு பேரும் போனவர்கள் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தார்கள். ரோலண்ட் அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வழியில் எந்தப் பழைய கட்டடத்தைப் பார்த்தாலும் காரை நிறுத்தச் சொல்லி, போய்த் தட்டிப் பார்ப்பது ஹைடியின் வழக்கம். ஓக் பெண்டில் அவள் தட்டாத சுவர் கிடையாது.

வெள்ளிக்கிழமை இரண்டாவது கல்லூரி. மறுபடி எலி. மறுபடி வெந்நீர். மாலையில் படகு. வானிலைக்காரர்கள் சொன்ன சொல் தவறவில்லை. மழையும் பனியும் கலந்து முகத்தில் அடித்தது. ஆற்றின் இரண்டு பக்கமும் கட்டடங்கள் வானம் வரைக்கும் நின்றன. மேல்தட்டில் மூன்றே பேர், ஹால்வர்சன் குடும்பம். வழிகாட்டி கூரைக்குக் கீழே நின்று, ஒலிபெருக்கியில் பேசினார்.

“இதோ இந்தக் கட்டடம் எதனால கட்டினதுன்னு யாராவது சொல்ல முடியுமா?”

“சுட்ட மண்ணு” என்றாள் ஹைடி. “பாத்தா கல்லு மாதிரி இருக்கும். உள்ள இரும்பு.”

“சபாஷ் மேல்தட்டு அம்மா!”

அடுத்த எட்டுக் கேள்விகளுக்கும் பதில் மேல்தட்டிலிருந்துதான் போயிற்று. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்ட, கன்னம் சிவந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஹைடியைப் பார்த்தால் யாருக்கும் பத்து வயது குறைந்ததுபோலத் தெரிந்திருக்கும். ரோலண்ட் பார்க்கவில்லை. அவர் கண் முழுக்க ப்ரிட்டாவின் மேல் இருந்தது. அவளுக்குப் பல் கிட்டித்தது. வெற்றி.

படகை விட்டு இறங்கும்போது ப்ரிட்டாவே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, நான் நம்ம ஊர்லயே படிக்கறேன்ப்பா.”

ரோலண்டுக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் தகப்பன் என்ற மரியாதையைக் காப்பாற்ற வேண்டுமே. “அவசரப்படாதடா. இன்னும் ஒண்ணு பாக்க வேண்டியிருக்கு” என்றார், பெருந்தன்மையாக. மழையில் நனைந்தபடி வீடு வரைக்கும் விசில் அடித்துக்கொண்டே நடந்தார். ஹைடி அவருடைய கழுத்துத் துண்டை இறுக்கிக் கட்டிவிட்டாள்.

சனிக்கிழமை காலை பத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே மூன்றாவது கல்லூரி. செங்கல் கட்டடம், உயரமான ஜன்னல்கள். வாசல் மேசையில் ஒரு பெண் பட்டியலைப் பார்த்துப் பெயர் எழுதி, ஸ்டிக்கர்களை நீட்டினாள். ரோலண்டுக்கு வெள்ளை. ப்ரிட்டாவுக்கு வெள்ளை. ஹைடிக்குப் பச்சை.

ரோலண்டுக்குச் சிரிப்பு வந்தது. “மாத்திக் குடுத்துட்டியேம்மா” என்று சொல்லி, மனைவியின் கோட்டிலிருந்து பச்சையைப் பதமாக உரித்து, மகளின் கோட்டில் ஒட்டினார். ப்ரிட்டா அதை உரித்து, மறுபடியும் அம்மாவின் கோட்டிலேயே ஒட்டி, விரலால் அழுத்திவிட்டாள்.

“சரியாத்தான் சார் குடுத்தேன்” என்றாள் மேசைப் பெண். “ஹைடி ஹால்வர்சன். பழைய கட்டடங்களச் சீர்செஞ்சு காப்பாத்தற படிப்பு. இலையுதிர் காலச் சேர்க்கை. மேடம், பேராசிரியர் மாடியில உங்களுக்காகக் காத்திட்டிருக்கார். குடும்பத்துக்காரங்க அந்த பெஞ்சுல உக்காரலாம். காபி இருக்கு.”

ஹைடி கணவனைப் பார்த்தாள். முகத்தில் கொஞ்சம் பயம், கொஞ்சம் குறும்பு. “அரை மணி நேரம் ரோலண்ட்” என்று சொல்லிவிட்டு, படியேறிப் போய்விட்டாள்.

குடும்பத்துக்காரர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“உனக்குத் தெரியுமா?” என்று ப்ரிட்டாவைக் கேட்டார்.

“கிறிஸ்துமஸ்லேர்ந்தே தெரியும்ப்பா.”

“அப்ப நீ சிகாகோ?”

“நான் எங்கப்பா சிகாகோ வர்றேன்னு சொன்னேன்? ஸ்கூல்ல எல்லாரும் போட்டாங்க, நானும் ரெண்டு போட்டேன். எனக்கு ஆத்துச் சிப்பி பத்திப் படிக்கணும். அதுக்கு ஆறு வேணாமா? நம்ம ஊர் காலேஜுல படகே வெச்சிருக்காங்க. டிசம்பர்லயே அம்மாகிட்ட சொல்லிட்டேன்.”

“என்கிட்ட ஏன்டா சொல்லல?”

“சொன்னா நீ இந்தப் பயணமே வந்திருக்க மாட்டியே. அம்மாதான் சொன்னா, ‘கொஞ்ச நாள் பொறு, அவனா ஒரு ப்ளான் போடுவான் பாரு’ன்னு.”

ரோலண்ட் காபியைக் கையில் வைத்துக்கொண்டு ஆறவிட்டார். மூன்று வாரம், நான்கு வண்ணம், எட்டு எலிக் கேள்வி. அத்தனையும் போகவே நினைக்காத ஒருத்தியைத் தடுக்க. போகிறவளோ பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்து, வரைபடத்தை மடித்துக் கொடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

அப்போதுதான் அவருக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அதை இத்தனை வருஷமாக மறந்திருந்தோமே என்று முகம் சுட்டது. கட்டடக்கலை இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த ஹைடி, ப்ரிட்டா வயிற்றில் இருந்தபோது படிப்பை விட்டாள். அவருக்கு அப்போதுதான் மாவட்டத்தில் வேலை கிடைத்திருந்தது. “குழந்தை ஸ்கூலுக்குப் போகட்டும் ஹைடி, நீ திரும்பப் போய் முடிச்சுடு” என்று சொன்னவர் அவர்தான். குழந்தை ஸ்கூலுக்குப் போனது. ஸ்கூலை முடிக்கவும் போகிறது. அவர் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அவளும் கேட்கவில்லை. போகிற வழியில் சுவர்களைத் தட்டிப் பார்த்ததோடு சரி.

ஹைடி இறங்கி வந்தபோது ப்ரிட்டா நாசூக்காக ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.

“பழைய படிப்புல ஒண்ணரை வருஷம் கழிச்சுக்குவாங்களாம். இன்னும் ரெண்டரை வருஷம். திங்கள்லேர்ந்து வெள்ளி மதியம் வரைக்கும் இங்க. அப்புறம் வீடு” என்றாள் ஹைடி. “நாப்பத்தி ரெண்டு வயசுல இது என்ன கூத்துன்னு நீ கேக்கலாம்.”

“கேக்கல.” ரோலண்ட் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். “என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே ஹைடி. நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?”

“வேணாம்னு சொல்ல மாட்ட. எனக்கும் இதே மாதிரி ஒரு ப்ளான் போட்டிருப்ப.”

போட்டிருப்பார். நான்கு வண்ணத்திலும் போட்டிருப்பார்.

“உனக்கு எப்ப தெரியும், நான்…”

“கூரையில்லாத படகுன்னு பிரிட்ஜுல பாத்தப்பவே தெரியும். நீ ப்ரிட்டாவப் பாத்துக்கிட்டே இருந்த. என்னைப் பாக்க ஆளே இல்ல. நிம்மதியா வந்துட்டேன்.” அவள் சிரித்துவிட்டு, அவர் தோளில் சாய்ந்தாள். “ஆனா ஒண்ணு சொல்றேன் ரோலண்ட். நீ பாட்டுக்கு நல்ல ஓட்டலாப் போட்டிருந்தா எனக்கு ஹலீனா கெடச்சிருக்க மாட்டா. அந்த மூணாவது மாடி ரூமை எனக்கே தர்றேன்னுட்டா.”

ரோலண்ட் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். “அந்த ரயில் சத்தத்துலயா?”

“பதினேழு வருஷம் லைப்ரரி ரோலண்ட். எனக்குக் கொஞ்சம் சத்தம் வேணும்.”

ஆகஸ்ட் மாதக் கடைசி ஞாயிறு. ஐம்பத்தெட்டுப் படிகளை ரோலண்ட் பதினொரு முறை ஏறி இறங்கினார். புத்தகம், விளக்கு, வரைபலகை, அப்புறம் ஓக் பெண்ட் நூலகத்தார் பிரிவுபசாரமாகக் கொடுத்த பிரம்மாண்டமான நாற்காலி. கீழே காரில் சாய்ந்துகொண்டு ப்ரிட்டா ஸ்டாப் வாட்ச்சோடு நின்றாள். “அப்பா, நாற்காலிக்கு நாலு நிமிஷம். ரொம்ப லேட்டு.”

கடைசிப் பெட்டியை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். ஹைடி சுவரில் ஒரு தாளை ஒட்டிக்கொண்டிருந்தாள். நான்கு வண்ணத்தில் அவளுடைய வாரம். வெள்ளிக்கிழமைக்கு நேராகச் சிவப்பில், ‘ரோலண்ட் வருவான்’ என்று இருந்தது.

“செவப்பு கழிப்பறைக்குல்ல?” என்றார்.

“அவசரத்துக்கு” என்றாள்.

அப்போது ரயில் வந்தது. குவளைகள் ஆடின, கட்டில் நகர்ந்தது, எதுவும் காதில் விழாது என்ற தைரியத்தில் ரோலண்ட் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “நீ இல்லாம அந்த வீடு நல்லாவே இருக்காது ஹைடி. ப்ரிட்டா போயிடுவான்னு பயந்தேன். நீ போவேன்னு எனக்குப் பயப்படக்கூடத் தோணல. அவ்வளவு கூடவே இருந்துட்ட.”

ரயில் கடந்து போயிற்று. ஹைடி ஒட்டிக்கொண்டிருந்த தாளில் இருந்து கையை எடுக்காமல் நின்றாள்.

“எனக்கும்தான் ரோலண்ட்” என்றாள். “வெள்ளிக்கிழமை லேட் பண்ணாத.”

அவர் எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டார். வெகுநேரம் அப்படியே நின்றிருப்பார்கள். அதற்குள் கதவு தட்டப்பட்டது. ஹலீனா. கையில் ஒரு அலாரம் கடிகாரம்.

“தம்பி, மணி அஞ்சு அம்பத்தெட்டு.”

“இன்னிக்கு ஒரு நாள்மா. ஒரு வாய் சாப்பிட்டுட்டுக் கெளம்பிடறேன்.”

“ஆறு மணிக்கு மேல ஆம்பள கூடாது.”

“நான் அவ புருஷன்மா!”

“இந்தப் படி ஏறி வந்த ஆம்பளைங்க எல்லாருமே ஏதோ ஒண்ணு சொல்லியிருக்காங்க.”

ரோலண்ட் ஆதரவுக்காக மனைவியைப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

“கொஞ்சம் விட்டுக் குடுக்கக் கூடாதாம்மா?”

“குடுத்திருப்பேன் தம்பி” என்றாள் ஹலீனா, அவர் கையில் தொப்பியைக் கொடுத்து. “மார்ச் மாசம் ஒருத்தர் போன் பண்ணி, யார் வந்து கெஞ்சினாலும் விட்டுக் குடுத்துடாதீங்கன்னு சொன்னாரு. நல்ல மனுஷன். அவர் பேச்ச நான் எப்படி மீறுவேன்?”